இது பழசு இல்லை, அத்தை!

கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, 'காமயகவுண்டன்பட்டிக்கு எந்த பஸ்?' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேட்டீர்களானால், நீங்கள் வெளியூர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது கே.கே.பட்டி. நீங்கள் அந்த ஊருக்குப் போனதில்லை என்றாலும் பரவாயில்லை, அந்த ஊர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். கறுப்பாக, வாசனையாக, கொட்டையோடு இருக்குமே, பன்னீர் திராட்சை? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கம்பம் திராட்சை விளைகிற ஊர்களில் இதுவும் ஒன்று.

அங்கே எனக்கு ஓர் அத்தை இருக்கிறார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வயது அறுபத்து மூன்று. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், எட்டு தடவை கீமோ, இருபத்தைந்து நாள் கரண்ட். (கதிர்வீச்சுக்கு அந்தப் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் பெயர். எந்த அகராதியையும்விட இது பொருத்தமான வார்த்தை என்று எனக்கு ஓர் எண்ணம்.) தலைமுடி போனது, திரும்ப வந்தது. அத்தை மறுபடி பந்தலுக்கடியில் நின்று கவாத்து வெட்டினார். ஐந்து வருடம் தாண்டியதும், 'இனி ஒண்ணுமில்ல' என்று எல்லோரும் மறந்துபோனோம்.

போன வருடக் கடைசியில் அத்தைக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. 'ரத்தம் கம்மி' என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியாரா, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். வீட்டில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். நாலைந்து மாதம் இப்படியே போனது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர், இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னார். மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். சுருக்கமாக எம்.டி.எஸ். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடமே கெட்டுப்போகிற நோய். ரத்தப் புற்றுநோய் வகைகளில் அபூர்வமான ஒன்று. சிலருக்கு அது முற்றி, லுக்கேமியாவாக மாறும்.

பார்க்கப் போனேன். வாசலிலேயே அத்தை மகன் மறித்துவிட்டான்.

''மச்சான், அம்மாட்ட வெறும் ரத்தக் குறைவுன்னுதான் சொல்லிருக்கோம். நீங்க பாட்டுக்கு எதையும் சொல்லிறாதீக.''

உள்ளே போனேன். அத்தை மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

''மருமகனே, பழசு திரும்பிருச்சா? மறைக்காமச் சொல்லு. நான் என்ன பாவம் செஞ்சேன்னு மறுபடி வருது?''

நான் படித்தது பி.காம். அத்தையிடம் அன்றைக்கு நான் சொன்ன பதில், தட்டில் இருந்த திராட்சையைத் தின்றதுதான். ஊருக்குத் திரும்பியபிறகு உட்கார்ந்து படித்தேன், தெரிந்த டாக்டர்களைத் தொந்தரவு செய்தேன். இந்தப் பகுதியில் நாம் வழக்கமாக ராஜாக்களையும் யுத்தங்களையும் பார்ப்போம். இந்த வாரம் அத்தையின் கேள்விக்குப் பின்னால் இருக்கிற சரித்திரத்தைப் பார்க்கலாம். கவலைப்படாதீர்கள், இதிலும் ஒரு யுத்தம் வருகிறது.

'பழசு திரும்பிவிட்டதா, இல்லை இது வேறா?' இந்தக் கேள்விக்கு முதலில் விடை சொன்னவர்களில் இருவர் நியூயார்க்கில் இருந்தார்கள். ஃப்ரெட் ஸ்டூவர்ட், நார்மன் ட்ரீவ்ஸ். வருடம் 1948.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மார்பகப் புற்றுநோய்க்கு ஓர் ஆபரேஷன் நிலைபெற்றிருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-ல் விவரமாக எழுதி வெளியிட்டது. மார்பகம், அதற்கடியில் இருக்கும் தசை, அக்குளில் இருக்கும் நிணநீர்க் கட்டிகள், அவ்வளவையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். வேரோடு பிடுங்குகிற கதை. நிறையப் பெண்கள் பிழைத்தார்கள். ஆனால், நிணநீர் வடிகிற வழி அடைபட்டுப்போனதால் பலருக்குக் கை வீங்கியது. யானைக்கால் மாதிரி யானைக்கை. உயிர் தப்பியதே பெரிது என்று அவர்களும் அந்தக் கையைச் சுமந்துகொண்டு வாழ்ந்தார்கள்.

ஸ்டூவர்ட்டும் ட்ரீவ்ஸும் பார்த்தது அப்படிப்பட்ட ஆறு பெண்களை. ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்து, வீங்கிய கையில் கருநீலமாகப் புள்ளிகள். எங்கோ இடித்துக்கொண்டால் கன்றிப்போகுமே, அதுபோல. எல்லோரும் என்ன நினைத்தார்கள்? பழைய புற்றுநோய்தான் கைக்குப் பரவிவிட்டது என்று. இவர்கள் இருவரும் திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, 'இல்லை' என்றார்கள். இது நிணநீர்க் குழாய்களில் புதிதாகப் பிறந்த புற்றுநோய். பழையதற்கும் இதற்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. பழையதைக் குணப்படுத்திய ஆபரேஷன், அது விட்டுச்சென்ற வீக்கம், அந்த வீக்கத்தில் முளைத்தது இது.

இன்றைக்கும் இந்த நோய் அந்த இருவர் பெயரில்தான் வழங்குகிறது. (உங்கள் வீட்டில் யாருக்காவது மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கியிருந்து, அதில் கருநீலத் தழும்பு தோன்றினால், எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கரண்ட் வைத்த இடத்தில் தோன்றினாலும் அப்படியே. டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மிக அபூர்வம்தான், ஆனாலும்.)

எங்கள் காமர்ஸ் பாடத்தில் ஒரு சங்கதி உண்டு. ஒரு கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டில் சொத்து, கடன் எல்லாம் எழுதி முடித்தபிறகு, கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. 'இன்றைக்கு இது கடன் இல்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால், கடனாகலாம், ஆகாமலும் போகலாம்' என்று அர்த்தம். கேஸ் ஒன்று கோர்ட்டில் இருக்கும், யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். லாபத்தைப் பார்க்கிற சந்தோஷத்தில் அந்தப் பொடி எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள். புற்றுநோய் வைத்தியத்திலும் அந்தப் பொடி எழுத்து இருந்தது. அதை ஆறு பேரிடத்தில் படித்தவர்கள் ஸ்டூவர்ட்டும் ட்ரீவ்ஸும்.

அத்தைக்கு வந்தது வேறு வகை. அதற்குக் கத்தி காரணமில்லை, மருந்து. அந்த மருந்தின் கதைக்குப் போகத்தான் நமக்கு யுத்தம் தேவைப்படுகிறது.

முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வீசிய மஸ்டர்ட் வாயுவை எல்லோருக்கும் தெரியும். தோலைப் பொசுக்கும், கண்ணைக் குருடாக்கும். அதோடு, தப்பியவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களைத் துடைத்தெடுத்துவிடும். இரண்டாம் உலகப்போரின்போது, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மேன், ஆல்ஃப்ரெட் கில்மேன் என்ற இருவர் யோசித்தார்கள். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற புற்றுநோய்க்கு இதையே கொடுத்தால் என்ன? வாயுவின் தம்பி முறையான 'நைட்ரஜன் மஸ்டர்டை' 1942-ல் ஒரு நோயாளியின் ரத்தநாளத்தில் ஏற்றினார்கள். கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கட்டிகள் கரைந்தன. கொஞ்ச நாளில் திரும்பவும் வளர்ந்தன, அவர் இறந்துபோனார். ஆனால், கரைந்தது கரைந்ததுதானே? யுத்த ரகசியம் என்பதால் 1946 வரை அவர்களால் இதை வெளியே சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவில் 1943 டிசம்பர் 2. இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. மூழ்கிய கப்பல்களில் ஒன்று அமெரிக்காவின் 'ஜான் ஹார்வி'. அதற்குள் சுமார் இரண்டாயிரம் மஸ்டர்ட் குண்டுகள் இருந்தது அங்கே அநேகம் பேருக்குத் தெரியாது. எண்ணெய் மிதந்த தண்ணீரில் நீந்திக் கரையேறியவர்கள் கொப்புளம் வெடித்துச் செத்தார்கள். விசாரிக்கப் போன ராணுவ டாக்டர் ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர், இறந்தவர்களின் வெள்ளை அணுக்கள் காணாமல்போயிருந்ததைக் குறிப்பெடுத்து வைத்தார். யேலில் ரகசியமாகச் செய்த சோதனைக்குத் துறைமுகத்திலிருந்து ஒரு சாட்சி.

அந்தக் குடும்பத்தில் வந்த பேரப்பிள்ளைதான் சைக்ளோஃபாஸ்ஃபமைட். கேன்சர் வார்டுகளில் 'சிவப்பு மருந்து' என்று ஒன்று ஏற்றுவார்களே, சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும், அட்ரியாமைசின், அதோடு ஜோடியாகப் போவது பெரும்பாலும் இதுதான். அத்தைக்குப் போனதும் இந்த ஜோடிதான். சிவப்பு மருந்தின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. அதன் மூலக்கிருமியை 1950-களில் இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்தார்கள். காஸ்டெல் டெல் மோன்டே. அந்தக் கோட்டை எங்கே இருக்கிறது தெரியுமா? அதே பாரி வட்டாரத்தில்! அட்ரியாமைசின் என்ற பெயரே பாரிக்கு எதிரே விரிந்து கிடக்கிற அட்ரியாடிக் கடலை வைத்துத்தான். ஒரே மண்ணில் ஒரு பக்கம் விஷம், ஒரு பக்கம் மருந்து என்று சொல்லிவிட்டு நகரலாம் என்றால், அங்கேதான் தவறுகிறோம். இரண்டுமே மருந்து. இரண்டுமே விஷம்.

1975-ல் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்க சர்ஜனும் அவருடைய குழுவினரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு மெல்ஃபலான் என்ற மாத்திரையைக் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது. மெல்ஃபலானும் மஸ்டர்ட் குடும்பம்தான். அடுத்த வருடமே இத்தாலியின் மிலான் நகரத்திலிருந்து ஜியானி பொனடோனா, சைக்ளோஃபாஸ்ஃபமைட் உள்பட மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து இன்னும் நல்ல முடிவைக் காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ என்கிற வழக்கம் பிறந்தது இப்படித்தான்.

ஃபிஷர் நல்ல கணக்குப்பிள்ளை. மாத்திரை கொடுத்தோம், பிழைத்தார்கள், போய்வாருங்கள் என்று விட்டுவிடவில்லை. வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார். அப்படித் தொடர்ந்ததில், மெல்ஃபலான் சாப்பிட்ட பெண்களில் பத்து வருடத்துக்குள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு லுக்கேமியாவோ எம்.டி.எஸ்.ஸோ வந்திருப்பது தெரிந்தது. 1985-ல் அதை அவரே அச்சில் போட்டார். தன் வெற்றியின் அடியில், பொடி எழுத்துக் குறிப்பைத் தன் கையாலேயே எழுதியவர் என்று அவரைச் சொல்ல வேண்டும். (ஹால்ஸ்டெட் ஆபரேஷன் எல்லோருக்கும் தேவையில்லை, கட்டியை மட்டும் எடுத்தாலே பலருக்குப் போதும் என்று நிரூபித்ததும் இதே ஃபிஷர்தான்.)

1992-ல் அமெரிக்காவில் இன்னும் பெரிய கணக்கு ஒன்று வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட 82,700 பெண்கள். அவர்களில் லுக்கேமியா வந்தவர்கள் 90 பேர். அந்த 90 பேரின் பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து, யாருக்கு எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் போனது என்று கூட்டிப் பார்த்தார்கள். சைக்ளோஃபாஸ்ஃபமைடைவிட மெல்ஃபலான் பத்து மடங்கு மோசம் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு மெல்ஃபலான் கொடுப்பது வழக்கொழிந்தது. இப்போது கொடுக்கிற கீமோவில் ஆபத்து எவ்வளவு? 2015-ல் இருபதாயிரம் பெண்களை வைத்து வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பத்து வருடத்தில் சுமார் இருநூறில் ஒருவர் என்கிறது.

இருநூறில் ஒருவர். மற்ற 199 பேரில் எத்தனையோ பேர் அந்த மருந்தால்தான் பேரன், பேத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனவே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும். தயவுசெய்து வேண்டாம். அதே சமயம், அந்த ஒருவர் நம் அத்தையாக இருக்கும்போது, இருநூறு என்கிற எண் ஓர் ஆறுதலும் தருவதில்லை. புள்ளிவிவரம் படித்தவன் சொல்கிறேன்.

மருந்து எப்படி இதைச் செய்கிறது? புற்றுநோய் அணுவுக்குள் போய் அதன் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவதுதான் அதன் வேலை. பக்கத்தில் இருக்கிற நல்ல அணுக்களுக்கும் கொஞ்சம் அடி விழும். எலும்பு மஜ்ஜையில் அப்படி அடிபட்ட அணு ஒன்று சாகாமல் பிழைத்து, ஊனத்தோடு பெருக ஆரம்பித்தால், ஐந்து, ஏழு, பத்து வருடம் கழித்து எம்.டி.எஸ். இப்போது இன்னொன்றும் சொல்கிறார்கள். சிலருக்கு, கீமோவுக்கு முன்பே மஜ்ஜையில் ஒன்றிரண்டு கோணல் அணுக்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். மருந்து சுற்றியிருக்கிற நல்லவற்றை அடக்கிவைக்க, இவை மட்டும் தாக்குப்பிடித்து இடம் முழுக்கப் பரவிவிடும். திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். களைக்கொல்லி அடித்த தோட்டத்தில் எந்தக் களை மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆக, அத்தையின் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பழசு திரும்பவில்லை. இரண்டாவது கேள்வி, 'என்ன பாவம் செஞ்சேன்?' அதற்கு நாம் ஓர் அமெரிக்க எழுத்தாளரிடம் போக வேண்டும். சூசன் சான்டாக்.

1975-ல், ஃபிஷரின் முடிவு வெளியான அதே வருடத்தில், சூசனுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 42. நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியிருந்தது. நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் ஆபரேஷன், பிறகு இரண்டரை வருடம் கீமோ. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிடையாது. நண்பர்கள் பணம் திரட்டினார்கள். பிழைக்க வழியே இல்லை என்று டாக்டர் சொன்னது சூசனிடம் அல்ல, அவருடைய மகன் டேவிட் ரீஃபிடம். நோயாளியிடம் சொல்லாததை உறவினரிடம் சொல்வது அப்போது அமெரிக்காவிலும் வழக்கமாக இருந்திருக்கிறது. கே.கே.பட்டி வாசலில் என்னை மறித்தது உலகப் பொது வழக்கம்தான்.

சூசன் பிழைத்துக்கொண்டார். 1978-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், நோயை எதுவுமாக உருவகப்படுத்தாதீர்கள் என்று. அதில் 'எனக்குப் புற்றுநோய் வந்தது' என்று எங்கும் எழுதவில்லை. அவருடைய கோபமெல்லாம் இரண்டு விஷயங்கள் மேல். ஒன்று, புற்றுநோயை ஒரு யுத்தம் மாதிரி பேசுவது. போராடினார், தோற்றார் என்று. இரண்டாவது, அப்போது நாகரிகமாக இருந்த ஒரு நம்பிக்கை. உணர்ச்சிகளை அடக்கி அடக்கி வைக்கிற ஆட்களுக்குத்தான் புற்றுநோய் வருகிறது என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில், 'மனசுக்குள்ளயே போட்டுப் புழுங்குனா கட்டி வராம என்ன செய்யும்?' என்பார்களே, அதன் இங்கிலீஷ் பதிப்பு. வியாதியும் வந்து, அதற்குக் காரணமும் நீதான் என்று நோயாளி தலையில் கட்டுவது அநியாயம் என்றார் சூசன். நோய் என்பது நோய், அவ்வளவுதான். காசநோயையும் முன்பு இப்படித்தான் பேசினார்கள். கிருமியும் மருந்தும் தெரிந்தபிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

'என்ன பாவம் செஞ்சேன்?' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் படித்ததில்லை.

ஆனால், சூசனின் கதை அங்கே முடியவில்லை. 1998-ல் கர்ப்பப்பையில் சார்கோமா. அதுவும் அபூர்வ வகை. மார்பகத்திலிருந்து பரவியதல்ல, தனி. மறுபடி ஆபரேஷன், மறுபடி கீமோ. மறுபடி தப்பித்தார். 2004 மார்ச்சில் மூன்றாவது. அத்தைக்கு வந்த அதே எம்.டி.எஸ். முன்பு வாங்கிக்கொண்ட மருந்துகள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் கருதினார்கள். அப்போது அவருக்கு வயது 71.

இதற்குப் பிறகு நடந்ததை மகன் டேவிட் 2008-ல் ஒரு புத்தகமாக எழுதினார். படிக்கக் கஷ்டமான புத்தகம். நோயை நோயாக மட்டும் பாருங்கள் என்று உலகத்துக்குச் சொன்ன சூசன், சாவை மட்டும் நேருக்கு நேர் பார்க்க மறுத்தார். இரண்டு தடவை தப்பித்தவருக்கு மூன்றாவது தடவையும் தப்பிப்போம் என்ற எண்ணம். எந்த வைத்தியமானாலும் செய்யுங்கள் என்றார். சியாட்டில் நகரத்துக்குப் போய் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டார். அந்த சிகிச்சையைக் கண்டுபிடித்து, 1990-ல் நோபல் பரிசு வாங்கிய டொனால் தாமஸின் ஊர் அது. இதைவிடப் பெரிய இடம் உலகத்திலேயே இல்லை. உடம்பு ஏற்கவில்லை. லுக்கேமியாவாக முற்றிவிட்டது. நியூயார்க்குக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

டேவிட் என்ன செய்தார்? அம்மா கேட்க விரும்பியதைச் சொன்னார். நம்பிக்கை இருக்கிறது என்றார். தனக்கு அந்த நம்பிக்கை இல்லாமலே. கடைசிவரை அம்மாவும் மகனும் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியவில்லை, விடைபெற்றுக்கொள்ளவும் முடியவில்லை. அது சரியா, தப்பா என்று புத்தகம் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

சூசன் இறந்தது 2004 டிசம்பர் 28. தேதியைப் பார்த்தீர்களா? சுனாமி வந்து இரண்டாவது நாள். நாகப்பட்டினத்தில் நாம் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். நியூயார்க்கில் ஓர் எழுத்தாளர் இறந்ததை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்?

இதையெல்லாம் படித்துவிட்டு அத்தையிடம் போய் என்ன சொல்வது? நல்லவேளையாக இன்னொருவர் கதையும் இருக்கிறது.

ராபின் ராபர்ட்ஸ். அமெரிக்க டி.வி.யில் காலை நிகழ்ச்சி நடத்துபவர். 2007-ல் மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன், கீமோ, கரண்ட். 2012 ஜூனில் அதே நிகழ்ச்சியில் உட்கார்ந்து, தனக்கு எம்.டி.எஸ். வந்திருக்கிறது என்று நேயர்களிடம் சொன்னார். ஒளிக்கவில்லை. அக்கா சாலி ஆனின் மஜ்ஜை பொருந்தியது. இடையில் ஆகஸ்ட் கடைசியில் அம்மா இறந்துபோனார். செப்டம்பர் 20-ல் ராபினுக்கு அக்காவின் அணுக்களை ஏற்றினார்கள். 2013 பிப்ரவரியில் மறுபடி கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தார். இவருக்கு வயது 51, சூசனுக்கு 71. அந்த இருபது வருட வித்தியாசம் பெரிய வித்தியாசம். கூடப்பிறந்தவர் பொருந்துவது நாலில் ஒரு வாய்ப்பு. இந்தியாவிலும் இந்த சிகிச்சை நடக்கிறது. 1983-ல் மும்பை டாடா மெமோரியலில் ஆரம்பித்தது, பிறகு 1986-ல் வேலூர் சி.எம்.சி. கூடப்பிறந்தவர்கள் பொருந்தாதவர்களுக்கு முகம் தெரியாத கொடையாளரைத் தேடித்தருகிற 'தாத்ரி' என்ற பதிவேடு 2009-லிருந்து சென்னையில் இயங்குகிறது.

பதிவேடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பிக்க 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு படுக்கைகள். அடுத்த வருடம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் இறக்கும்வரை அதைவிட்டுப் போகவில்லை. சென்னையில் யார் யாருக்கு என்ன புற்றுநோய் என்ற பதிவேடும் 1980-களின் தொடக்கத்தில் அங்கேதான் ஆரம்பமானது. பேரேடு எழுதுகிற வேலை. பரபரப்பே இல்லாத வேலை. ஆனால், 82,700 பேரில் அந்த 90 பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இந்த மாதிரிப் பேரேடுகள்தான் என்பதைப் பார்த்தோம் அல்லவா?

மே மாதம் மறுபடி கே.கே.பட்டிக்குப் போனேன். இந்த முறை முதலில் அத்தை மகனை உட்காரவைத்து, டேவிட் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

''சொல்லிருவோம் மச்சான். ஆனா, நீங்களே சொல்லுங்க.''

சொன்னேன். பழசு இல்லை அத்தை, இது வேற. அன்றைக்கு உங்களைக் காப்பாற்றிய மருந்தில் இப்படி ஓர் ஆபத்தும் ஒட்டிக்கொண்டிருந்தது. நூற்றுக் கணக்கானவர்களில் ஒருவருக்கு வரும். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. சாமியும் ஒன்றும் செய்யவில்லை. முழுசாகக் குணமாகும் என்று டாக்டர் சொல்லவில்லை, மட்டுப்படுத்தி வைக்க மருந்து இருக்கிறது என்கிறார்.

அத்தை அழவில்லை. ''ரத்தக் கொறைவுக்கு எவனாச்சும் எலும்பைத் தொளைப்பானா? எனக்குத் தெரியாதாக்கும்'' என்றார் மகனைப் பார்த்து. பிறகு, ''பாவமில்லைன்னு சொன்ன பாரு, அது போதும்'' என்றார்.

போடியில் இருக்கும் தங்கையின் மஜ்ஜை பொருந்தவில்லை. பொருந்தியிருந்தாலும், அத்தையின் இதயம் அந்த சிகிச்சையைத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது மாதத்துக்கு ஏழு நாள், வயிற்றுத் தோலுக்கடியில் ஓர் ஊசி. அசாசிடிடின் என்று பெயர். எம்.டி.எஸ்.ஸுக்கென்று அமெரிக்காவில் இதை அனுமதித்தது 2004 மே மாதம், சூசன் அதே நோயோடு மல்லுக்கட்டிய வருடம். தேவைப்படும்போது ரத்தமும் ஏற்றுகிறார்கள். மூணு சுற்று முடிந்திருக்கிறது. படி ஏறுகிறார், மெதுவாக.

கிளம்பும்போது அத்தை பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். ஒன்பது வருடத்துக் கேன்சர் ஃபைல். ஒவ்வொரு கீமோவுக்கும் தேதி, மருந்து, அளவு. மதுரை டாக்டர் இதைப் பார்த்துவிட்டு, 'இப்படி ஒருத்தர் வெச்சிருக்கிறதே அபூர்வம்மா' என்றாராம். பையைப் பிரித்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு என்னிடம் நீட்டினார்.

''கணக்கு படிச்சவன்ல நீ? இந்த மூணு மாசத்து ஊசியையும் தேதி போட்டு எழுது மருமகனே. பின்னால பாக்குற டாக்டருக்கு வேணும்.''